காசு போட்டால் சோளம் பொரியும் பழைய பெட்டி: வாங்கலாம், இயக்கலாமா?

சித்தூர் (பாலக்காடு): ரயில் நிலைய நடைமேடையில் நின்றிருந்த எடை பார்க்கும் இயந்திரத்தை ஒரு தலைமுறை இன்னும் மறக்கவில்லை. மேடையில் ஏறி நின்றால் வண்ண விளக்குகள் மினுங்கும். கண்ணாடிக்குப் பின்னால் வட்டத் தகடு சுழலும். அது நின்றபின் காசைப் போட்டால், ‘டக்’கென்ற ஓசையுடன் கெட்டி அட்டைச் சீட்டு ஒன்று கீழே வந்து விழும். அதன் ஒரு பக்கத்தில் எடை அச்சாகியிருக்கும். பலன் சொல்லும் ஒரு வரியோ, திரைப்பட நடிகரின் படமோ உடன் இருக்கும். எடையை விட அந்தச் சீட்டுக்காகவே ஏறி நின்றவர்கள் ஏராளம்.

இதே குடும்பத்தில் பிறந்த இன்னோர் இயந்திரம், கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு காலத்தில் பொது இடங்களில் நின்றிருந்தது. காசைப் போட்டால் சூடான சோளப்பொரியைக் காகித உறையில் கொட்டித் தரும் பெட்டி அது. ‘பாப்கார்ன்’ என்று இன்று அனைவரும் அழைக்கும் பொரியை, விற்பவர் யாரும் இல்லாமல் விற்ற இயந்திரம். 1930-களிலிருந்து 1950-கள் வரையிலான அந்தப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பழுது நீக்கி மீண்டும் ஓட வைப்பது, அங்கே பலருக்கு வாழ்நாள் பொழுதுபோக்கு.

இணைய விற்பனைப் பக்கங்கள் பெருகிய பிறகு, அத்தகைய பெட்டிகளின் படங்கள் இந்தியச் சேகரிப்பாளர்களின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. ஆனால், கடல் கடந்து வந்த பழைய பெட்டியின் மின்செருகியை அப்படியே சுவரில் செருகுவது ஆபத்தில் முடியலாம். அந்தப் பெட்டி எப்படி இயங்குகிறது, இங்கே அது ஏன் இயங்க மறுக்கிறது, இயக்குவதானால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

கோயில் நீரிலிருந்து சோளப்பொரி வரை

காசு போட்டால் பொருள் தரும் கருவி என்ற எண்ணம் புதியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற பொறியாளர், கோயிலில் புனித நீர் வழங்கும் கருவி ஒன்றை விவரித்திருக்கிறார். மேலிருந்து விழும் நாணயம் ஒரு நெம்புகோலின் முனையை அழுத்தும். மறுமுனை உயர்ந்து நீரின் அடைப்பைத் திறக்கும். நாணயம் வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும்.

நவீன காலத்தில் இந்த எண்ணத்தை வணிகமாக்கியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் பெர்சிவல் எவரிட். 1880-களில் அஞ்சலட்டை விற்கும் பெட்டியையும், அடுத்து எடை பார்க்கும் இயந்திரத்தையும் அவர் உருவாக்கினார். 1888-இல் நியூயார்க்கின் உயர்மட்ட ரயில் நடைமேடைகளில் தாமஸ் ஆடம்ஸ் நிறுவனத்தின் மிட்டாய்ப் பசை விற்கும் பெட்டிகள் நின்றன. ரயிலுக்காகக் காத்திருப்பவரின் கையில் நேரமும் சட்டைப்பையில் சில்லறையும் இருக்கும் என்பதே இவற்றின் வணிகக் கணக்கு. இந்திய நடைமேடைகளின் எடை இயந்திரத்துக்கும் அதே கணக்குதான்.

சோளப்பொரியை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தவர் சிகாகோவின் சார்லஸ் கிரிட்டர்ஸ். கடலை வறுக்கும் பொறியைச் சீரமைக்கத் தொடங்கிய அவர், நீராவியால் இயங்கும் பொரிக்கும் வண்டியை உருவாக்கி, 1893-இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் மக்கள் முன் வைத்தார். சோளத்தைக் கொழுப்பும் உப்பும் சேர்த்து ஒரே சட்டியில் பொரிக்கும் முறை அங்கே புகழ்பெற்றது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, சில செண்டுகளுக்கு வயிற்றை நிரப்பிய சோளப்பொரி திரையரங்குகளைக் காப்பாற்றியது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்து மிட்டாய்கள் அரிதானபோது அதன் இடம் மேலும் உறுதியானது. காசு போட்டு இயக்கும் பொரிப் பெட்டிகள் பரவிய காலமும் அதுவே.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இந்தப் பெட்டிகளை இரு வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகை, காசு விழுந்த பிறகே பொரிக்கத் தொடங்கும். காசு ஒரு சிறிய மின்விசையைத் தட்டியதும் நேரங்காட்டி மோட்டார் சுழலும். அளந்த சோளம் சூடான சட்டியில் விழும். பொரிந்து பெருகிய சோளம் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, சறுக்குப் பாதை வழியே உறையில் சேரும். வாங்குபவர் கண்ணாடி வழியே இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாம் வகையில் சோளம் வேறோரிடத்தில் முன்கூட்டியே பொரிக்கப்பட்டிருக்கும். பெட்டி அதைச் சூடாக வைத்திருந்து, காசுக்கு ஓர் அளவு மட்டும் வெளியே தள்ளும். இதில் கொதிக்கும் எண்ணெய் இல்லை, வெப்பமும் குறைவு. எனவே புதிதாகச் சேகரிப்பில் இறங்குபவருக்கு இரண்டாம் வகையே பாதுகாப்பானது. முதல் வகை பார்க்க அழகானது. ஆனால் அதனுள் அடுப்பு, எண்ணெய், மின்சாரம், பழைய கம்பிகள் ஆகிய நான்கும் ஒரே பெட்டியில் இருக்கின்றன.

முதல் தடை: காசு

இத்தகைய இயந்திரங்களில் நாணயம் என்பது பணம் மட்டுமன்று. அதுவே ஓர் உதிரிபாகம். மிகப் பழைய பெட்டிகளில், கைப்பிடியைத் திருகும்போது இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே நின்று விசையைக் கடத்துவது அந்த நாணயமே. சற்றுச் சிறிய நாணயத்தைப் போட்டால் விசை கடக்காது. சற்றுப் பெரியது துளைக்குள்ளேயே நுழையாது.

பிற்காலப் பெட்டிகள் நாணயத்தைச் சோதித்தே ஏற்றன. துளையின் அகலம் அதன் பருமனை அளக்கும். உள்ளே உள்ள சிறு தராசு எடையை அளக்கும். அடுத்து நிற்பது ஒரு காந்தம். இரும்பு வளையங்களைப் போட்டு ஏமாற்றுவோரைப் பிடிக்கவே அந்தக் காந்தம்: இரும்பு ஒட்டிக்கொள்ளும்; வெள்ளி, செம்பு, நிக்கல் கலந்த உண்மை நாணயம் ஒட்டாமல் கடந்து செல்லும்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு எப்படித் தடுமாறும் என்பதை ஒரு ரூபாய் நாணயத்தின் வரலாறே காட்டிவிடும்.

• 1962: நிக்கல், 28 மில்லிமீட்டர், 10 கிராம்
• 1975: செம்பு–நிக்கல், 28 மில்லிமீட்டர், 8 கிராம்
• 1983: செம்பு–நிக்கல், 26 மில்லிமீட்டர், 6 கிராம்
• 1992: துருப்பிடிக்காத எஃகு, 25 மில்லிமீட்டர், 4.85 கிராம்
• 2011: துருப்பிடிக்காத எஃகு, ஏறத்தாழ 22 மில்லிமீட்டர், 3.79 கிராம்

ஐம்பது ஆண்டுகளில் அதே ஒரு ரூபாய் தன் எடையில் பாதிக்கும் மேல் இழந்துவிட்டது. உலோகத்தின் விலை ஏறியதால் அரசு நாணயத்தை இளைக்க வைத்தது. மனிதக் கைக்கு இது பெரிய மாற்றமன்று. இயந்திரத்துக்கோ ஒவ்வொரு முறையும் புதிய மொழி. 1992-க்குப் பின் வந்த நாணயத்தின் எஃகு, காந்தத்தில் ஒட்டும் வகையைச் சேர்ந்தது. ஆகவே, போலிக் காசைப் பிடிக்க வைத்த பழைய காந்தத்தின் முன் இந்தியாவின் உண்மைக் காசு போலியாகிவிடும்.

அமெரிக்கா இதை வேறு விதமாகக் கையாண்டது. 1965-இல் 10 செண்ட் நாணயத்திலிருந்து வெள்ளியை நீக்கியபோது, நாட்டில் இயங்கிய விற்பனை இயந்திரங்கள் புதிய நாணயத்தையும் ஏற்கும் வகையில், செம்பின் மேல் செம்பு–நிக்கல் தகடு ஒட்டிய உலோகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. விட்டமும் மாறவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய பெட்டி இன்றைய 10 செண்டையும் அங்கே ஏற்றுக்கொள்ள வாய்ப்பிருப்பதற்கு அந்த முடிவே காரணம்.

இந்தியாவில் 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியுடன் செல்லாதவையாயின. அவற்றையே உணவாகக் கொண்டிருந்த சிறு இயந்திரங்கள் அன்றோடு பசித்து நின்றன என்றால் மிகையில்லை.

சேகரிப்பாளர் செய்ய வேண்டியது என்ன? இந்திய நாணயத்துக்கு ஏற்பத் துளையை அரத்தால் அகலப்படுத்துவது மீட்க முடியாத சேதம். அதைவிட, அந்தப் பெட்டி எந்த நாணயத்துக்காகச் செய்யப்பட்டதோ அதையே சில எண்ணிக்கையில் வாங்கி வைப்பது எளிது. வீட்டில் இயக்கும் பெட்டியில் போட்ட காசையே எடுத்து மீண்டும் போடலாம். அதே அளவில் பித்தளை வில்லைகளைக் கடைசல் பட்டறையில் செய்து, தெளிவாக ‘வில்லை’ என்று பொறித்துப் பயன்படுத்துவதும் உண்டு. இந்திய நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம் என்பதால், நாணயத்தைத் தேய்த்துத் துளைக்குப் பொருத்தும் முயற்சி வேண்டாம்.

இரண்டாம் தடை: மின்சாரம்

உயிருக்கே ஆபத்தான தவறு நிகழ்வது இங்கேதான். அமெரிக்கப் பெட்டிகள் ஏறத்தாழ 115 வோல்ட் மின்னழுத்தத்துக்கும், நொடிக்கு 60 சுழற்சி கொண்ட மின்னோட்டத்துக்கும் செய்யப்பட்டவை. இந்திய வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 சுழற்சி.

மின்னழுத்தம் இரு மடங்கானால் சூடேற்றும் சுருளின் வெப்பமும் இரு மடங்காகும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது நான்கு மடங்காகும். 1,000 வாட் சுருள் 4,000 வாட் அளவுக்கு எரியத் தொடங்கி, சில நொடிகளில் அறுந்துவிடும். அதற்குள் சட்டியில் எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்கும்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இதற்குத் தீர்வு. பெட்டியின் மொத்த வாட் அளவை விட ஒன்றரை மடங்கு திறன் கொண்ட மின்மாற்றியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆனால், மின்மாற்றி மின்னழுத்தத்தைத்தான் மாற்றும். சுழற்சி எண்ணிக்கையை மாற்றாது. பழைய பெட்டிகளின் நேரங்காட்டி மோட்டார்கள் பலவும் மின்னோட்டத்தின் சுழற்சியைப் பின்பற்றியே ஓடுபவை. 60 சுழற்சிக்குச் செய்த மோட்டார் 50 சுழற்சியில் மெதுவாக ஓடும். அங்கே 60 நொடியில் முடிந்த சுற்று இங்கே 72 நொடி எடுக்கும்.

அந்தப் பன்னிரண்டு நொடிகள்தாம் பொரிக்கும் கரிக்கும் உள்ள தூரம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சோளம் ஏன் தீய்ந்து போகிறது என்று குழம்புவோர், இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நேரங்காட்டியின் பற்சக்கரத்தை மாற்றுவது அல்லது சுருளுக்குச் செல்லும் மின்சாரத்தைச் சற்றுக் குறைப்பது இதற்கு வழி.

பழைய மின்கம்பிகளின் மேலுறை துணியாலும் ரப்பராலும் ஆனது. ஆண்டுகள் செல்ல அது பொடிந்து உதிரும். பெட்டியின் உடல் இரும்பு என்பதால், ஓரிடத்தில் கம்பி தொட்டாலும் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும். அக்காலத்துச் செருகிகளில் நிலக்கம்பி இல்லாமலிருப்பது வழக்கம். கம்பிகள் அனைத்தையும் மாற்றி, நிலக்கம்பி இணைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியின் வழியாக இயக்குவதே முறை. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, மின்பணியாளர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, ஒரு குண்டு விளக்கைத் தொடர் இணைப்பில் வைத்துச் சோதிக்க வேண்டும். உள்ளே குறுக்கு இணைப்பு இருந்தால் பெட்டி எரியாது. விளக்குத்தான் பிரகாசமாக எரியும்.

மூன்றாம் தடை: சோளம்

எல்லா மக்காச்சோளமும் பொரியாது. தமிழ்நாட்டில் பெரம்பலூர் போன்ற மாவட்டங்களில் பரவலாக விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குச் செல்வது. அதன் உள்மாவு மென்மையானது. பொரிச்சோளம் தனி வகை: மணி சிறியது, தோல் கெட்டியானது, உள்மாவு கண்ணாடி போல் இறுகியது. ‘ஆம்பர்’, ‘வி.எல். ஆம்பர்’, ‘பேர்ல்’ போன்ற பொரிச்சோள ரகங்கள் இந்தியாவிலேயே வெளியிடப்பட்டுள்ளன.

மணிக்குள் இருக்கும் ஈரமே பொரிதலின் உயிர். எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஈரம் இருக்க வேண்டும். வெப்பம் ஏற ஏற அந்த ஈரம் நீராவியாகி, வெளியேற வழியின்றித் தோலை உள்ளிருந்து அழுத்தும். ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸில், காற்றழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் தோல் வெடிக்கிறது. இளகிய மாவு நுரைபோல் விரிந்து அப்படியே உறைகிறது. தோலில் சிறு கீறல் இருந்தாலும் நீராவி கசிந்துவிடும். மணி பொரியாமல் அடியில் தங்கிவிடும்.

சித்தூர் வட்டாரத்தினர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வீசும் வறண்ட காற்று, திறந்து வைத்த எந்தத் தானியத்தையும் உலர்த்திவிடும். அப்போது வாங்கிய சோளம் மாசியில் பொரியாமல் போனால் குற்றம் இயந்திரத்தினுடையதன்று. காற்றுப்புகாத புட்டியில் முக்கால் பங்கு சோளத்துடன் ஒரு மேசைக்கரண்டி நீர் விட்டுக் குலுக்கி, மூன்று நான்கு நாள்கள் மூடி வைத்தால் மணி இழந்த ஈரத்தை மீண்டும் பெறும்.

பொரியின் இந்த நுட்பம் நமக்குப் புதிதுமன்று. நெல்லைச் சூடான மணலில் இட்டுப் பொரிப்போர் கண்டறிந்ததும் இதே உண்மைதான்: எல்லாப் பக்கமும் ஒரே சீராக, விரைவாக வெப்பம் சேர வேண்டும். மணல் செய்த வேலையை அமெரிக்கப் பெட்டியில் எண்ணெய் செய்கிறது. அந்நாட்டுத் திரையரங்குகள் நீண்டகாலம் பயன்படுத்தியது தேங்காய் எண்ணெயை என்பது கேரள வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பைச் சுட்டிக்காட்டி 1994-இல் ஒரு நுகர்வோர் நல அமைப்பு எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகே பல அரங்குகள் எண்ணெயை மாற்றின.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

பழைய பெட்டியில் பொரித்ததைச் சாப்பிடுவதற்கு முன் மூன்று பொருள்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது ஈயம். தமிழில் இச்சொல் இரண்டு உலோகங்களைக் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. செம்புச் சட்டியின் உட்புறம் பூச வேண்டியது வெள்ளீயம். அது பாத்திரங்களுக்குக் காலங்காலமாகப் பூசப்படுவது. காரீயம் நஞ்சு. பழைய சட்டியின் ஒட்டுகளில் காரீயம் கலந்த பற்றாசு இருக்கக்கூடும். பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தாலோ, உள்ளே சாம்பல் நிற ஒட்டு தெரிந்தாலோ அந்தச் சட்டியைக் காட்சிக்கு மட்டும் வைத்துவிட்டு, சமையலுக்குத் துருப்பிடிக்காத எஃகுச் சட்டியைப் பொருத்துவதே அறிவுடைமை.

இரண்டாவது வண்ணப்பூச்சு. பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டு உபயோகப் பூச்சுகளில் காரீயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சை உலர்நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் நச்சுத் தூசி வீடு முழுவதும் பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது.

மூன்றாவது கல்நார். சட்டியைச் சுற்றி வெப்பம் காக்க வைத்த வெண்ணிற அட்டை, நார்த்துணி, கம்பி உறை ஆகியவை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படுபவை. ஐயம் இருந்தால் சுரண்டவோ, ஊதவோ, துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. அதைத் தொடாமல் விட்டு, பெட்டியை இயக்காமல் காட்சிப் பொருளாக வைப்பதே பாதுகாப்பு.

ஓட வைப்பதா, அப்படியே வைப்பதா?

சேகரிப்பாளர்களிடையே தீராத விவாதம் இது. இயங்காத இயந்திரம் வெறும் இரும்புப் பெட்டி என்பது ஒரு தரப்பு. ஓட வைப்பதற்காகக் கம்பி, சட்டி, பூச்சு, நாணயக் கருவி என அனைத்தையும் மாற்றிவிட்டால் எஞ்சுவது பழைய பெட்டியின் ஓடு மட்டுமே என்பது மறுதரப்பு.

அருங்காட்சியகங்கள் பின்பற்றும் ஒரு விதி இருவருக்கும் உதவும்: எந்த மாற்றத்தையும் பின்னர் திரும்பப் பெறக்கூடிய வகையில் செய்ய வேண்டும். கழற்றிய பாகத்தை எறியாமல், எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்புடன் பத்திரப்படுத்த வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுக்க வேண்டும். புதிய துளை போடுவதைத் தவிர்க்க வேண்டும். அப்படிச் செய்தால், இன்று சோளம் பொரிக்கும் பெட்டியை நாளை ஒருவர் அதன் அசல் நிலைக்குக் கொண்டுசெல்ல முடியும்.

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை:

• பெயர்த்தகட்டில் மின்னழுத்தம், வாட், சுழற்சி எண்ணிக்கை தெளிவாக உள்ளனவா?
• நாணயக் கருவி உள்ளதா, எந்த நாணயத்துக்கானது?
• சாவி உண்டா? இல்லையெனில் பூட்டை உடைத்த தடயம் இருக்கிறதா?
• சட்டியின் உட்புறப் படத்தை விற்பவர் தருகிறாரா?
• கண்ணாடி முழுமையாக உள்ளதா? வளைந்த கண்ணாடிக்கு மாற்று கிடைப்பது கடினம்.
• அனுப்புகூலி, சுங்கவரி சேர்த்து மொத்தம் எவ்வளவு?

கடைசிக் கேள்வியே பலரைத் தடுத்து நிறுத்தும். இரும்பும் கண்ணாடியும் கொண்ட கனமான பெட்டிக்குக் கப்பல் கூலி, பெட்டியின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

சட்டம் சொல்வது

வீட்டில் விருந்தினருக்குப் பொரித்துக் கொடுப்பதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால், நெம்மாரா–வல்லங்கி வேலா போன்ற திருவிழாக் கூட்டத்திலோ, கடை வாசலிலோ வைத்துக் காசுக்கு விற்றால் அது உணவு வணிகம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, வணிகத்தின் அளவுக்கேற்பப் பதிவோ உரிமமோ பெற வேண்டும். தானியங்கிப் பெட்டி வழியே விற்பதும் இதற்குள் அடங்கும். எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் ஊடுகொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

இந்திய எடை இயந்திரங்களைத் தேடுவோர் வேறொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நடைமேடையின் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதாலேயே ஒரு பொருள் உரிமையற்றதாகிவிடாது. ரயில்வேக்குச் சொந்தமான பொருளை முறையற்று வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். ரயில்வே தன் பழைய பொருள்களை இணையவழி ஏலத்தில் விற்கிறது. அங்கிருந்து வந்ததற்கான சீட்டு இல்லாத பொருளை வாங்காமல் இருப்பதே நல்லது.

பழைய நாணயங்களைத் தேடுவோரைக் குறிவைக்கும் மோசடிகளும் உண்டு. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் பெரும் விலைக்கு வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமும் வரியும் கேட்போரிடம் ஏமாற வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் அவ்வங்கியே எச்சரித்தது. அத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடவில்லை என்றும், யாருக்கும் அதிகாரம் வழங்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

அருகிலேயே உள்ள வாய்ப்பு

தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் சித்தூர் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. எல்லைக்கு அப்பால் உள்ள கோவை, மோட்டார் சுற்றுவோரும் கடைசல் பட்டறைக்காரர்களும் நிறைந்த நகரம். ஜி.டி. நாயுடு (1893–1974) உருவாக்கியவையும் அவர் திரட்டியவையுமான இயந்திரங்களை அவினாசி சாலையில் உள்ள அவர் பெயரிலான தொழிற்கண்காட்சியில் காணலாம். ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து அறிந்துகொள்ளும் ஆர்வம் எத்தகையது என்பதற்கு அந்தக் கூடமே சான்று. இடுக்கி மாவட்டத்தில், மூணாறின் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் 1905-ஆம் ஆண்டின் தேயிலை உருட்டும் பொறி பாதுகாக்கப்படுகிறது. அது ஓடவில்லை, ஆனால் அதைப் பார்ப்பவருக்கு, தம் தாத்தாவும் பாட்டியும் பறித்த இலை எதனூடே சென்றது என்பது விளங்கும்.

கடல் கடந்த பொரிப் பெட்டிக்கு ஆசைப்படுவோர், அதற்கு முன் தம் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். ஒரு ரூபாய் போட்டுப் பேசிய தொலைபேசிப் பெட்டி, பழைய எடை இயந்திரம், அது தந்த அட்டைச் சீட்டு, திரையரங்கின் நுழைவுச்சீட்டு இயந்திரம் ஆகியவை பழைய இரும்புக் கடைகளுக்குச் சென்று, எடைக்கு விலை பேசப்பட்டு, உருக்கப்பட்டுவிடுகின்றன. எடை பார்த்துச் சொன்ன இயந்திரமே இறுதியில் எடைக்குப் போடப்படுகிறது. அமெரிக்கப் பொரிப் பெட்டிகளைக் காப்பாற்ற அங்கே பலர் இருக்கின்றனர். நம் நடைமேடைச் சீட்டு ஒன்றைப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தியவரோ, அதை வழங்கிய இயந்திரத்தைப் பழுதுபார்த்த கைவினைஞரின் அனுபவத்தைக் கேட்டு எழுதி வைத்தவரோ இங்கே மிகச் சிலரே. இந்தச் சேகரிப்புக்குப் பெரும் பணம் தேவையில்லை. கப்பல் கூலியும் மின்மாற்றியும் வேண்டியதில்லை. அந்த இயந்திரத்தைத் திறந்து மூடிய கைகள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது ஒன்றே தேவை.